ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் என்ன சாப்பிடுவது?

கேள்வி:

எனக்கு 31 வயது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். நான்கு வருடமாக ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வாரா வாரம் ஷிப்ட் மாறும்: காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி. ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், சின்ன மிக்ஸி, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கிறது, ஆனால் சமைப்பது அபூர்வம். கேன்டீனில் ஒரு வேளை சாப்பாடு. மற்றபடி டீ, பன், இரவில் மூன்று பரோட்டா, இல்லாவிட்டால் செயலியில் பிரியாணி. ஒரு நாளைக்கு ஐந்து டீ ஆகிவிடுகிறது. இங்கே வந்தபோது 66 கிலோ இருந்தேன், இப்போது 75. உயரம் 168 செ.மீ. கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 5.9, டிரைகிளிசரைடு 230 என்று வந்திருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு முறை காய்கறி வாங்கி வைத்து அப்படியே அழுகிப்போனது. ஒருத்தனுக்காக அடுப்பைப் பற்றவைக்க மனசே வரவில்லை. ராகிக் கூழுக்கு மாறிவிடட்டுமா? புரோட்டீன் பவுடர் வாங்கலாமா? ஒரு டயட் சார்ட் கொடுத்தால் அப்படியே பின்பற்றுகிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்ட சார்ட்டை நான் தரப்போவதில்லை. காலை 8 மணிக்கு இது, மதியம் 1 மணிக்கு அது என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த வாரம் ஷிப்ட் மாறியதும் அது உதவாது. அதோடு, எது நல்ல சாப்பாடு என்பது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. மதிய ஷிப்ட் முடிந்து இரவு பத்தே முக்காலுக்குப் பூட்டைத் திறக்கும்போது, அறையில் ஐந்து நிமிடத்தில் வாயில் போட ஒன்றும் இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பசியில் யாரும் வெங்காயம் நறுக்க உட்கார மாட்டார்கள். கீழே இறங்கினால் பரோட்டா கடை, போனை எடுத்தால் பிரியாணி. தனியாக இருந்து ஷிப்ட் பார்க்கிற எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். பெரும்பாலோர் ருசிக்காகக் கடைக்குப் போவதில்லை, அறை காலியாக இருப்பதால் போகிறார்கள்.

அதனால் நீங்கள் பெரிய சமையல்காரராக வேண்டாம். பசியோடு வருகிற நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஏதாவது தயாராக இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதப்போகிறேன்.

முதலில் உங்கள் ரிப்போர்ட். ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு. அது 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கு. உங்களுடையது 5.9. டிரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு. அது 150-க்குள் இருக்க வேண்டும், 200-ஐத் தாண்டினால் அதிகம். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ உங்களுக்கு 26.6 வருகிறது. நம் உடல்வாகுக்கு 23-க்குள் இருப்பதுதான் நல்லது. அப்பாவுக்கும் சர்க்கரை இருப்பதால் இதைச் சாதாரணமாக விட முடியாது. ஆனால் நல்ல செய்தியும் உண்டு. இதே நிலையில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு, சும்மா இருந்தவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்கள் நம் சாப்பாடு சாப்பிடுகிற நம் ஆட்கள்தான். நான்கைந்து கிலோ குறைந்தாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும்.

நீங்கள் எழுதியதை வைத்து ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புரதம் சுமார் 40 கிராம்தான் தேறுகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. உங்களுக்கு அது 60 கிராம் பக்கம் வரும். அதே நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி சாப்பிடச் சொல்கிறது. உங்கள் தட்டில் விழுவது கேன்டீன்காரர் வைக்கிற ஒரு கரண்டி கூட்டு மட்டும். சோற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். புரதமும் காயும் ஏறினால் மாவும் எண்ணெயும் தானாகக் குறையும், ஏனென்றால் வயிற்றில் இடம் இருக்காது.

சமையலுக்குப் போகும் முன், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: டீ. கடை டீயில் சாதாரணமாக இரண்டு ஸ்பூன் சர்க்கரை விழும், அதாவது சுமார் 10 கிராம். ஐந்து டீக்கு 50 கிராம் ஆகிறது. ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை 25 கிராமுக்குள் நிற்பது நல்லது. டீயிலேயே அதைப்போல இரண்டு மடங்கு போய்விடுகிறது. டிரைகிளிசரைடு ஏறுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. டீயை நிறுத்தச் சொல்லவில்லை. இரவு ஷிப்டில் அது எவ்வளவு துணை என்று எனக்குத் தெரியும். மூன்றாகக் குறைத்து, ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்லி வாங்குங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். டீயோடு வருகிற பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ டப்பாவில் எடுத்துப் போங்கள். இன்னொன்று: மது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பழக்கம் இருந்தால் டிரைகிளிசரைடு ஏற அதுவும் காரணம், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, சமையல். வாரம் முழுவதற்கும் ஞாயிற்றுக்கிழமையே சமைத்து அடுக்கிவைக்கும் பழக்கத்தைப் பற்றிப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அது ஒத்துவராது. சின்ன ஃப்ரிட்ஜ் தாங்காது, புதன்கிழமைக்குள் அந்தச் சாப்பாடு அலுத்தும் போய்விடும். வாரத்தில் இரண்டு தடவை, முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதில் சாப்பாடு தயாரிக்க வேண்டாம், சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தயாராக வைத்தால் போதும்.

கறுப்புக் கொண்டைக்கடலை கால் கிலோவை வேலைக்குப் போகும் முன் ஊறப்போடுங்கள். திரும்பி வந்து உப்புப் போட்டு ஐந்தாறு விசில் விட்டு, ஆறியதும் நான்கு டப்பாவாகப் பிரியுங்கள். ஒன்று ஃப்ரிட்ஜில், மூன்று ஃப்ரீசரில். ஒரு டப்பாவில் 12 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். பசியோடு வரும்போது ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்துக் கொட்டினால் சுண்டல். தாளிக்கக்கூட முடியாத நாளில் வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. காராமணி, பச்சைப் பட்டாணி, மொச்சை என்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஓசூர் பக்கம் குளிர்காலத்தில் பச்சை அவரைக்கொட்டை நிறைய வரும். அதை விடாதீர்கள், ஊறப்போடவே வேண்டியதில்லை.

அதே நேரத்தில் ஆறு முட்டையை வேகவைத்து, ஓடு உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் வரை கெடாது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். நாளுக்கு ஒன்றிரண்டு சாப்பிடலாம். அரை லிட்டர் தயிர் எப்போதும் இருக்கட்டும்.

குக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தனி ஆளுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற இரண்டு பாத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். அடிப் பாத்திரத்தில் கால் கப் பாசிப்பருப்போ துவரம்பருப்போ, ஒரு தக்காளி, இரண்டு பச்சை மிளகாய், நான்கு பல் பூண்டு, மஞ்சள்தூள், அதோடு கையில் இருக்கிற காய் இரண்டு கைப்பிடி. சௌசௌ, சுரைக்காய், கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், எதுவானாலும் சரி. மேல் பாத்திரத்தில் அரை கப் அரிசி. இரண்டிலும் அளவாகத் தண்ணீர் விட்டு, குக்கர் அடியிலும் ஒரு டம்ளர் ஊற்றி நான்கு விசில் விடுங்கள். அது வேகிற நேரத்தில் குளித்துவிட்டு வரலாம். பிரஷர் அடங்கியதும் பருப்பை மசித்து, உப்புப் போட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, சீரகம் தாளித்தால் சாப்பாடு தயார். நீங்கள் கை வைக்கிற வேலை பத்து நிமிடம்தான். சோற்றைவிடப் பருப்பும் காயும் சேர்ந்து அதிகமாக இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கீரை கிடைத்தால் பருப்பு வெந்த பிறகு பொடியாக நறுக்கிப் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சோறு மிச்சமானால் வெளியே வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போகாதீர்கள். ஓசூர் குளிர்ச்சியான ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். வெளியில் கிடக்கும் சோற்றில் பெருகுகிற ஒருவகை பாக்டீரியா விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் முடித்துவிடுங்கள்.

இட்லி மாவு கடையில் வாங்குவதில் தவறில்லை. தனி ஆளுக்குக் கிரைண்டர் எதற்கு? தோசை ஊற்றும்போது துருவிய கேரட்டோ முருங்கைக்கீரையோ தூவி, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னியோ ஒரு கிண்ணம் பருப்போ வைத்துக்கொள்ளுங்கள். பொடியும் எண்ணெயும் மட்டும் போதாது. அதைவிட நல்லது பெசரட்டு. உங்களோடு வேலை பார்க்கிற தெலுங்கு நண்பர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுப் பச்சைப்பயறை ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், உப்புச் சேர்த்து மிக்ஸியில் அரைத்தால் மாவு ரெடி. புளிக்கவைக்க வேண்டாம், அரைத்த உடனே ஊற்றலாம். இரண்டு தோசையில் வயிறு நிறைந்துவிடும்.

காய்கறி அழுகிப்போவதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். வீட்டில் அம்மா வாங்குகிற அளவில் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் மாதம் தாக்குப்பிடிக்கிற காய்களை மட்டும் வாங்குங்கள்: கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், சௌசௌ. இவை ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். கத்திரிக்காய், வெண்டைக்காய், கீரையெல்லாம் வாங்கிய மறுநாளுக்குள் சமைக்க முடியும் என்றால் மட்டும். கால் கிலோ கேட்கக் கூச்சப்படாதீர்கள். உங்கள் ஊர் உழவர் சந்தை எவ்வளவு நல்லது தெரியுமா? சுற்றுவட்டாரத்தில் விளைந்த காய் நேராக வந்து இறங்குகிற இடம். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் திரும்புகிற வாரத்தில் சந்தை திறந்திருக்கும். கீரை வாங்க அந்த வாரம்தான் சரி. வந்ததும் ஆய்ந்து, பருப்போடு கடைந்து வைத்துவிட்டுத் தூங்கலாம்.

இனி ஷிப்ட். இதில் மதிய ஷிப்டுதான் உங்களை அதிகம் கெடுக்கிறது. அந்த வாரத்தில் கேன்டீனில் இரவு சாப்பாட்டை ஒதுக்காமல் சாப்பிடுங்கள், அதுதான் இரவு உணவு. பத்தே முக்காலுக்கு வரும்போது இருப்பது பாதிப் பசி, பாதி அசதி. ஊறவைத்த அவலில் தயிர், உப்பு, வெள்ளரிக்காய் போட்டு ஒரு கிண்ணம், இல்லாவிட்டால் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் போதும். அவல் ஊற ஐந்து நிமிடம்தான். கைகால் கழுவி வருவதற்குள் தயார்.

இரவு ஷிப்ட் வாரத்தில் பெரிய சாப்பாட்டைக் கிளம்பும் முன், எட்டு எட்டரைக்கே முடித்துவிடுங்கள். குக்கர் சாப்பாடு அதற்குத்தான். நள்ளிரவுக்குப் பிறகு நம் உடல் சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. அதே சோற்றை மதியம் சாப்பிட்டால் ஏறுவதைவிட, அதிகாலை இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறும். அதனால் கேன்டீனில் அந்த நேரம் முழுச் சாப்பாடு போட்டாலும் சோற்றைப் பாதியாக வாங்கி, காயும் மோரும் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன சுண்டல் டப்பா இருந்தால் இன்னும் நல்லது. கடைசி டீ இரண்டு மணிக்குள் முடியட்டும். அதற்கு மேல் குடித்தால் காலையில் தூக்கம் வராது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் தாறுமாறாகும். காலையில் வெறும் வயிற்றோடும் படுக்க வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு முட்டை போதும்.

காலை ஷிப்ட் வாரம் சுலபம். அதில் செய்ய வேண்டியது, இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிப்பது. இந்த வாரத்தில்தான் நடைக்கும் நேரம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வந்தாலே சர்க்கரை ஏறுவது குறையும்.

கடையில் சாப்பிடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் நடக்காது. போகிற நாளில் மூன்று பரோட்டாவுக்குப் பதில் ஒன்று, கூட இரண்டு முட்டை ஆம்லெட், சால்னா கொஞ்சம் தொட்டுக்கொள்ள மட்டும். இட்லி கிடைத்தால் இட்லி. பிரியாணி ஆசைப்பட்டால் மாதத்தில் இரண்டு தடவை, நண்பர்களோடு உட்கார்ந்து மதியத்தில் சாப்பிடுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தனியாகப் பொட்டலம் பிரிக்கிற பிரியாணிதான் உங்களுக்கு எதிரி.

ராகிக் கூழ் பற்றிக் கேட்டீர்கள். ராகி நல்ல தானியம். 100 கிராமில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அது சொற்பம். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். புரதம் 7 கிராம் பக்கம்தான் வரும், அரிசியைவிடக் கூட இல்லை. மூன்று வேளையும் கூழ் குடித்தால் புரதம் இன்னும் குறைந்துபோகும், சீக்கிரம் பசிக்கவும் செய்யும். கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் களியைக் கீரைக் கடைசலோடும் கொட்டைக் குழம்போடும் சாப்பிடுவார்கள். அதுதான் சரியான முறை. வாரத்தில் இரண்டு நாள் சோற்றுக்குப் பதில் அப்படிச் சாப்பிடுங்கள்.

புரோட்டீன் பவுடர் தேவையில்லை. ஒரு டப்பா சுண்டல், இரண்டு முட்டை, கால் கப் பருப்பு, 300 மில்லி பால் அல்லது தயிர், இவையே 45 கிராம் தந்துவிடும். கேன்டீன் சாப்பாட்டோடு சேர்த்தால் 60 வந்துவிடுகிறது. அந்தப் பணத்தில் அரைக் கிலோ கோழி வாங்கி, எண்ணெய் குறைத்துக் குழம்பு வைத்து மூன்று டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைக்கலாம்.

‘ஒருத்தனுக்காக அடுப்பைப் பற்றவைக்க மனசே வரவில்லை’ என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது நிஜமான கஷ்டம். சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் லைனில், உங்கள் ஷிப்டில், பக்கத்துத் தெருவில் இதே மாதிரி தனியாக இருக்கிற ஒருவர் நிச்சயம் இருப்பார். வாரத்தில் இரண்டு நாள் அவர் உங்கள் அறையில், இரண்டு நாள் நீங்கள் அங்கே என்று பேசிப் பாருங்கள். மூன்று லிட்டர் குக்கர் இரண்டு பேருக்கும் போதும். இரண்டு பேர் என்றால் வாங்கிய காய் அழுகாது, செலவும் பாதியாகும், முக்கியமாகச் சாப்பிடும்போது பேச ஆள் இருக்கும். யாரும் அமையாவிட்டால், விடுமுறை நாளில் அம்மாவுக்கு வீடியோ காலில் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்லச் சமையுங்கள். அவர் மறுக்க மாட்டார்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் டீயும் முட்டையும். அடுத்த வாரம் சுண்டல் டப்பா. குக்கர் சாப்பாடு அதற்கப்புறம் வரட்டும், அதுவும் முதலில் வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஏதாவது ஒரு வாரம் தவறிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

இந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரை நேரில் பாருங்கள். டிரைகிளிசரைடை வெறும் வயிற்றில் எடுத்தார்களா என்று கேட்பார். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், திரும்ப எடுக்க வேண்டியிருக்கலாம். ஹெச்பிஏ1சி கிட்டத்தட்ட மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுவது, அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கு நடுவே தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், முயற்சி இல்லாமலே எடை இறங்கினால் மூன்று மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள்.